பொன்னேரி வந்தால் எழுப்பு

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில், இரும்பு உருக்கும் ஆலைக்கும் பழைய டயர்க் கிடங்குக்கும் நடுவில், ஓடாத ரயில் பெட்டி ஒன்று நின்றது. அந்த ஒரு பெட்டிக்காக ஒரு வாரியம் இருந்தது. வாரியத்துக்கு ஒரு தலைவர் இருந்தார். அவர் டெல்லியில் இருந்தார். ‘பழம்பெரும் பயணிகள் பெட்டி பாதுகாப்பு மற்றும் நவீனமயமாக்கல் வாரியம்’ என்று வாசலில் எழுதி வைத்திருந்தார்கள். பலகை நீண்டுவிட்டபடியால் சுற்றுச்சுவரை அதற்கேற்ப நீட்டிக் கட்ட வேண்டியதாயிற்று.

வாரியத்தின் வேலை அதன் பெயரிலேயே இருந்தது. பெட்டியைப் பாதுகாக்க வேண்டும், அதாவது எதையும் மாற்றக் கூடாது. பெட்டியை நவீனமாக்க வேண்டும், அதாவது எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். பாதுகாப்புக்கு இயக்குநர் ராமானுஜம். திருவள்ளூரில் கோயில் கைங்கரியம் செய்த குடும்பத்தில் பிறந்தவர். எதையும் தொடாமல் தள்ளி நின்று வணங்கும் பழக்கத்தை அலுவலகத்துக்கும் கொண்டுவந்திருந்தார். நவீனத்துக்கு இயக்குநர் மைத்ரேயி. அவர் எதையும் பார்த்த மாத்திரத்தில் மாற்றிவிடுவார். இருவருக்கும் சேர்ந்து பெட்டி ஒன்றுதான் என்பதால் பல மாதம் வேலை நடக்கவில்லை. பிறகு ஒருநாள் சாக்கட்டியை எடுத்துப் பெட்டிக்குள் நடைவழியின் நட்டநடுவில் கோடு கிழித்துக்கொண்டார்கள். இடப்பக்கம் பாதுகாப்பு, வலப்பக்கம் நவீனம். அன்றிலிருந்து வாரியம் சுமுகமாக நடந்தது.

இடப்பக்கத்தில் மரப்பலகை இருக்கைகள். வெயில் பட்டால் மரம் வெளுக்கும் என்று சன்னல்களை ஆணி அடித்து மூடியிருந்தார்கள். கதவுக்குக் குறுக்கே சிவப்புக் கயிறு. ‘தொடாதீர், அசல்’ என்று ஓர் அட்டை. வலப்பக்கத்தில் மெத்தை இருக்கைகள். சன்னல் இருந்த இடங்களில் பெரிய திரைகள். வெளியே இருப்பதைக் காட்டுவதற்கு அல்ல. வெளியே இருந்திருக்க வேண்டியதைக் காட்டுவதற்கு.

இந்தப் பெட்டியில்தான் வசந்தகுமாருக்கு வேலை கிடைத்தது. ஆரம்பாக்கத்துக்காரன். அண்ணனோடு பங்கு பிரித்த துண்டு நெல் நிலம் உண்டு. அதில் விளைவது சாப்பாட்டுக்குக் காணும், அவ்வளவுதான். பக்கத்து ஆலையில் ஒப்பந்த வேலை போய், சும்மா இருந்த நேரத்தில் வாரியம் ‘மாதிரிப் பயணி’ ஒருவரைத் தேடியது. தினமும் பெட்டியில் உட்கார்ந்து, உட்கார்ந்தது எப்படி இருந்தது என்று சாயங்காலம் சொல்ல வேண்டும்.

“இதுக்கு முன்னாடி ரயில்ல உக்காந்த அனுபவம் உண்டா?” என்று நேர்முகத்தில் ராமானுஜம் கேட்டார்.

“தெனம் ரயில்லதான் சார் வருவேன். உக்கார எடம்தான் கெடைக்காது.”

“பரவால்ல, ட்ரெயினிங் குடுத்துக்கலாம்” என்றார் மைத்ரேயி. உட்காருவதற்கு ஒரு வாரம் பயிற்சி கொடுத்தார்கள்.

வீட்டில் மனைவி ரம்யா கேட்டுவிட்டுச் சிரித்தாள். “சும்மா குந்திக்கினு இருக்கறதுக்கு சம்பளமா? அத நீ ஊட்டுலயே ஃப்ரீயா பண்ணிக்கினு இருந்தியேய்யா.” சிரித்து முடித்ததும் சாமி படத்துக்கு ஒரு முழம் பூ கூடுதலாக வைத்தாள்.

காலையில் வலப்பக்கம், மதியத்துக்கு மேல் இடப்பக்கம். சாயங்காலம் இரண்டு இயக்குநர்களும் வந்து நிற்பார்கள்.

“முதுகு வலிக்கறதா?”

“வலிக்குது சார்.”

“எந்த இடத்துல?”

வசந்தகுமார் தொட்டுக் காட்டுவான். ராமானுஜம் கண்ணை மூடிக்கொள்வார். “அசல் வலி. எங்க தோப்பனாருக்கும் இதே இடத்துலதான் வலிக்கும்.”

“வலிய நாங்களும் தர்றோம் சார்” என்பார் மைத்ரேயி. “ஆனா ஆப்ஷனலா.”

இடப்பக்கத்தைச் சுத்தம் செய்ய செண்பகம் என்றொருத்தி வருவாள். சுத்தம் என்றால் தூசு தட்டுவதல்ல. பெட்டிக்குள் இருக்கும் பழைய தூசு வாரியத்தின் சொத்து. ஆலையிலிருந்து பறந்து வந்து விழும் புதுத் தூசை மட்டும் சிறிய தூரிகையால் பிரித்தெடுத்துவிட்டு, பழையதை இருந்த இடத்தில் விட வேண்டும்.

“எப்பிடிக்கா கண்டுபுடிக்கிற?” என்று வசந்தகுமார் கேட்டான்.

“நான் எங்கடா கண்டேன்? கருப்பா இருந்தா தட்டி எடுத்துடுவேன், செவப்பா இருந்தா வுட்டுடுவேன். ஐயா வந்து பாத்து, ‘பேஷ்’ங்கறாரு. உனக்கு இன்னா பேஜாரு?”

அவள் இடப்பக்கத்துக் கடைசி மூலைப் பக்கம் மட்டும் போகவே மாட்டாள். தூரிகையை அதற்கு முந்தைய பலகையோடு நிறுத்திவிட்டு, திரும்பிப் பார்க்காமல் இறங்கிவிடுவாள். வசந்தகுமார் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அரசாங்க வேலையில் யாரும் போகாத மூலை ஒன்று இருக்கத்தான் செய்யும்.

ஆடி மாதத்து மதியம் ஒன்று. மழை வரும்போல மூடிக்கொண்டிருந்தது, ஆனால் வரவில்லை. முறைப்படி இடப்பக்கம் மாறி உட்கார்ந்தவன், புழுக்கம் தாங்காமல் மூலைக்கு நகர்ந்தான். அங்கே மட்டும் சில்லென்று இருந்தது. வேப்பிலையும் மஞ்சளும் கலந்த வாசனை, பெரியபாளையத்து அம்மன் கோயிலில் கூட்டத்துக்குள் நிற்பதுபோல. ஆலையின் சங்கு ஊதி ஓய்ந்தது. அந்த ஓய்ச்சலில், எதிர்ப் பலகையிலிருந்து ஒரு பெண் குரல், தூக்கக் கலக்கமாகக் கேட்டது.

“நைனா, பொன்னேரி வந்தா கொஞ்சம் எழுப்பி வுடுறியா? கண்ண அசத்திக்கினு வருது.”

ரயிலில் இந்தக் கேள்வியைக் கேட்காதவரும் இல்லை, இதற்குப் பதில் சொல்லாதவரும் இல்லை. வசந்தகுமாரும் யோசிக்காமல், தலையைக்கூடத் திருப்பாமல், “சரிக்கா, நீ தூங்கு. நான் எழுப்புறேன்” என்றான்.

சொன்ன பிறகுதான் அந்தப் பெட்டிக்கு எஞ்சின் கிடையாது என்பது நினைவுக்கு வந்தது.

திரும்பிப் பார்த்தான். நாற்பது வயதிருக்கும். மஞ்சள் பூசிய முகம், மடியில் துணி மூட்டை, மூட்டை வாயில் செருகிய வேப்பிலைக் கொத்து. கொத்து வாடாமல் இருந்தது. தலையைச் சன்னலில் சாய்த்து, நம்பி ஒப்படைத்துவிட்டவர்கள் தூங்குகிற தூக்கம் தூங்கினாள். அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கொஞ்சம் கொஞ்சமாகப் பலகையின் மர வரிகள் அவள் ஊடாகத் தெரிய ஆரம்பித்தன. பிறகு பலகை மட்டும் இருந்தது. தொட்டுப் பார்த்தான். ஈரமாக இருந்தது.

ஓடிப்போய்ச் செண்பகத்திடம் சொன்னான். அவள் முகம் செத்துவிட்டது.

“பதில் சொன்னியா?”

“சொல்லிட்டேனே.”

“அடப்பாவி. நாங்கல்லாம் காதுல வுழாத மாதிரி போய்க்கினே இருப்போம். பொட்டி ரயில்வே யார்டுல கெடந்தப்பவே இந்தக் கத உண்டு. மணியம்மாள்னு பேரு. உங்க ஊருதான், ஆரம்பாக்கம். தங்கச்சி பொன்னேரி ஆஸ்பத்திரில தலப்பிரசவத்துக்குப் படுத்துக்கினு இருந்துச்சாம். பெரியபாளையத்துல வேண்டிக்கினு, பிரசாதத்த எடுத்துக்கினு ரயில் ஏறிச்சாம். பக்கத்துல ஒரு ஆளாண்ட, பொன்னேரி வந்தா எழுப்புன்னுட்டு தூங்கிப் போச்சு. அவன் சரின்னான். அப்புறம் அவன் ஊரு வந்ததும் எறங்கிப் போய்ட்டான். இது தூக்கத்துலயே போயிடுச்சி. கடேசி ஸ்டேஷன்ல பெட்டி பெருக்க வந்தவங்கதான் பாத்தாங்களாம்.” செண்பகம் குரலைத் தாழ்த்தினாள். “இன்னும் பொன்னேரி வரலன்னு நெனச்சிக்கினு கீது. இத்தினி வருசத்துல யாரும் அதுக்கு சரின்னு சொன்னதில்ல. இப்ப நீ சொல்லிட்ட.”

மறுநாள் மதியமும் அவள் இருந்தாள். “வந்திடிச்சா நைனா?” என்றாள். “இன்னும் இல்லக்கா” என்றான். “சரி” என்று தூங்கினாள். அவ்வளவுதான் அவளால் வந்த தொந்தரவு. ஆனால் அந்தச் ‘சரி’ அவன் கூடவே வீட்டுக்கு வந்தது, சோற்றில் கை வைக்கும்போது கேட்டது, குழாயடியில் கேட்டது.

உட்கார்ந்த அனுபவத்தில் எதையும் மறைக்கக் கூடாது என்பது வாரியத்தின் விதி. எனவே அவன் சாயங்காலம் அதையும் சொன்னான்.

இரண்டு இயக்குநர்களும் பயப்படவில்லை. அவர்களுக்கு அவள் தெரியவும் இல்லை. ஆனால் கண்ணுக்குத் தெரியாததைப் பற்றி முடிவெடுப்பது வாரியத்துக்குப் புதிதல்ல என்பதால் உடனே கூட்டம் போட்டார்கள். டீயும் சமோசாவும் வந்தன. வசந்தகுமாரைச் சாட்சியாக ஒரு ஸ்டூலில் உட்கார வைத்தார்கள்.

“அந்தம்மா பெட்டியோடயே வந்திருக்கா” என்று ராமானுஜம் தொடங்கினார். “அப்படின்னா அவா அசல். பெட்டியில மீதி எல்லாத்தையும் நடுவுல யாரோ மாத்தியிருக்கா. பலகைகூட ரெண்டாம் தடவை போட்டது. மாறாம இருக்கற ஒரே அசல் அவாதான். பாதுகாப்புப் பிரிவு இதைப் பெருமையோட ஏத்துக்கறது.”

“ஒப்புக்கறேன் சார்” என்றார் மைத்ரேயி. “ஆனா எக்ஸ்பீரியன்ஸ் ரொம்ப பூர். இத்தன வருஷமா ஒரே கேள்வி. ஒரு பாசஞ்சர் பக்கத்து ஆள்கிட்ட வழி கேக்கறாங்கன்னா அது நம்ம சிஸ்டத்தோட தோல்வி. மனுஷங்கள நம்ப வேண்டிய நிலைமையில ஒரு பயணிய விடலாமா? அறிவிப்பு வசதி செஞ்சு தர்றோம்.”

அந்த வாரமே செய்து தந்தார்கள். கூரையில் ஒலிபெருக்கி பொருத்தினார்கள். கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை இனிமையான மணி ஒலிக்கும், ஒரு பெண் குரல், “அடுத்த நிலையம்... தகவல் இல்லை” என்று சொல்லும். வலப்பக்கத் திரைகளில் பனி மூடிய மலைகள் ஓட ஆரம்பித்தன. எந்த நாட்டு மலை என்று மைத்ரேயிக்கும் தெரியாது. விலைக்கு வாங்கும்போது அதுதான் தொகுப்பில் முதலில் இருந்தது.

அதன்பின் மணியம்மாளுக்குத் தூக்கம் போயிற்று.

மணி அடிக்கும்போதெல்லாம் திடுக்கிட்டு எழுந்தாள். மூட்டையை இழுத்து அணைத்துக்கொண்டு, “பொன்னேரியா? பொன்னேரியா?” என்றாள். இடப்பக்கத்து சன்னல்களைத் தட்டிப் பார்த்தாள். ஆணி அடித்திருந்தது. எதிர்ப்பக்கத் திரையைப் பார்த்தாள்.

“நைனா, இன்னாது இது, வெள்ளையா கெடக்குது? உப்பளமா? வண்டி வழி மாறிப் பூடுச்சா?”

“இல்லக்கா. அது... சும்மா படம். நீ தூங்கு.”

“தங்கச்சி தனியா கீதுப்பா. பயந்த சுபாவம்.”

மறுபடி மணி அடித்தது. மறுபடி எழுந்தாள். மதியம் முழுவதும், செத்துப் பல வருஷமான ஒருத்தி ஒரு நிமிஷமும் கண்ணயர முடியாமல் எழுந்து எழுந்து உட்காருவதை வசந்தகுமார் எதிரில் இருந்து பார்த்தான். அவளுடைய அழுகை சத்தமாக இல்லை. பலகைக்கு அடியில் தண்ணீர் கசிவதுபோல இருந்தது. செண்பகம் கீழே நின்று தன் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சாயங்காலம் மைத்ரேயி வந்து, பயணியின் விழிப்புணர்வு கூடியிருப்பதாகத் தலைவருக்குச் செய்தி அனுப்பினார்.

பாராட்டு வந்தது. கூடவே உத்தரவும் வந்தது. பெட்டி தயாராகிவிட்டதாகக் கருதப்படுகிறது. விழா எடுத்து, எஞ்சின் பூட்டி, கும்மிடிப்பூண்டியிலிருந்து சென்னைக்கு ஒரே ஓட்டமாகக் கொண்டுபோக வேண்டும். வழியில் எங்கும் நிறுத்தம் இல்லை. சென்னையில் வாரியம் கட்டியிருக்கும் கண்ணாடி மண்டபத்தில் பெட்டியை வைத்து, சக்கரங்களைத் தண்டவாளத்தோடு பற்றவைத்து, கதவுகளை நிரந்தரமாக மூடிவிட வேண்டும்.

ராமானுஜம் அந்த மூலைப் பலகைக்கு மேல் ஒரு பித்தளைத் தகடு அடித்தார். ‘அசல் பயணி’ என்று பொறித்திருந்தது. அடித்துவிட்டு, காலி இருக்கையைப் பார்த்துக் கைகூப்பினார். மனிதர் கெட்டவரில்லை. “இனி அந்தம்மாவுக்கு ஒரு குறையும் வராது. வெயில் இல்ல, மழை இல்ல, ஆட்டம் இல்ல. எத்தனை காலமானாலும் இதே எடத்துல இருப்பா” என்றார்.

வசந்தகுமார் ஓரடி முன்னால் வந்தான். “சார், அந்தக்கா பொன்னேரில எறங்கணும் சார்.”

இருவரும் அவனைப் பார்த்தார்கள்.

“எறங்கறதுக்கு விதி இல்லையேப்பா” என்றார் ராமானுஜம். “டிக்கெட் காலாவதி ஆயிடுத்து.”

“அதோட, எறங்கிட்டா அவங்க எப்படி பயணி?” என்றார் மைத்ரேயி. “பயணி பெட்டின்னா பயணி இருக்கணும் இல்லையா?”

அன்று வீட்டில் அவன் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு ரம்யாவிடம் எல்லாவற்றையும் சொன்னான். சிரிப்பாள் என்று எதிர்பார்த்தான். அவள் சிரிக்கவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

“எழுப்புறேன்னு சொன்னியா?”

“சொன்னேன்.”

“அப்ப எழுப்பு.”

“வேல பூடும் ரம்யா.”

“பூடும்தான்” என்றாள். தட்டை அவன் பக்கம் திரும்ப நகர்த்தினாள். “மொதல்ல துன்னு.”

விடுமுறை நாளில் பொன்னேரிக்குப் போனான். நிலைய அதிகாரி கல்பனா மேசையில் டிபன் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, இரண்டு ஃபோன்களுக்கு நடுவில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வசந்தகுமார் விஷயத்தை எப்படிச் சொல்வது என்று வழி முழுக்க யோசித்திருந்தும் கடைசியில் ஒரே வாக்கியம்தான் வந்தது.

“மேடம், அந்த விழா வண்டில ஒரு அக்கா வராங்க. இங்க எறங்கணும்.”

“அதுக்கு ஸ்டாப்பிங் இல்லையே.”

“தெரியும் மேடம். ரொம்ப நாளா எறங்க முடியாம தூங்கிக்கினு கீறாங்க.”

கல்பனா கையிலிருந்த கவளத்தோடு அவனைப் பார்த்தார். கேள்வி கேட்க நிறைய இடம் இருந்தது. ஏனோ அவர் கேட்கவில்லை.

“உங்க வண்டிக்குப் பின்னால ஒரு எக்ஸ்பிரஸ் வருது. அதுக்கு வழிவிட எப்படியும் இங்க ஓரங்கட்டி நிறுத்துவேன். நடு லைன்ல போடறதா இருந்தேன், அங்க பிளாட்பாரம் கெடையாது.” ஃபோன் அடித்தது. எடுக்கவில்லை. “பிளாட்பாரம் இருக்கற லைன்ல வாங்கிக்கறேன். என்னால ஆனது அவ்ளோதான். கையப் புடிச்சி எறக்க ஆள் இருக்கா?”

“நான் கீறேன் மேடம்.”

“அப்ப சரி” என்று ஃபோனை எடுத்தார்.

விழா நாளில் வசந்தகுமாருக்குத் தலைப்பாகையும் கோட்டும் மாட்டி, கழுத்தில் அடையாள அட்டை தொங்கவிட்டு, மணியம்மாளுக்கு எதிரில் உட்கார வைத்தார்கள். வலப்பக்க மெத்தைகளில் விருந்தினர்கள். சாக்கட்டிக் கோட்டின் இரு பக்கமும் இயக்குநர்கள். பெட்டி நகர்ந்தது. அசைவு உடம்பில் பட்டதும் மணியம்மாளின் முகம் மாறிற்று. பல வருஷத்தில் முதல் தடவையாகப் பெட்டி ஓடுகிறது. “கெளம்பிட்டான்” என்று முணுமுணுத்து, தலையைச் சாய்த்து, மணி அடித்தும் விழிக்காமல் தூங்கினாள்.

திரைகளில் பனிமலைகள் மறைந்து ஒவ்வொரு சன்னலிலும் தலைவரின் முகம் தோன்றியது. டெல்லியிலிருந்து பேசினார்.

“நண்பர்களே, நம் ரயில்களின் பெரிய குறை என்ன? பயணிகள் ஏறுகிறார்கள். ஏறியவர்கள் இறங்கிவிடுகிறார்கள். இப்படி இறங்கிக்கொண்டே இருந்தால் எதைப் பாதுகாப்பது? இந்தப் பெட்டியில் அந்தக் குறை நீக்கப்பட்டிருக்கிறது. ஊர் வருவதற்காக மக்கள் காத்திருந்த காலம் போய்விட்டது. இனி எந்த ஊரும் வராது.”

கை தட்டினார்கள். இடப்பக்கச் சன்னல்கள் ஆணி அடித்தவை. வலப்பக்கம் முழுக்கத் தலைவர். வெளியே கவரைப்பேட்டை போயிற்றா இல்லையா என்று வசந்தகுமாருக்குத் தெரியவில்லை. பலகையில் உள்ளங்கையை வைத்துப் பல தடவை போய்வந்த பாதையை உடம்பால் தேடினான். பாலத்தின் மேல் ஓசை மாறியது. பிறகு வளைவு. பிறகு தடம் மாறுகிற அந்தக் குலுக்கல், ஒன்று, இன்னொன்று. வேகம் விழுந்தது. நின்றது.

“ஏன் நின்னுடுத்து?” என்றார் ராமானுஜம்.

“இட்ஸ் பார்ட் ஆஃப் தி எக்ஸ்பீரியன்ஸ்” என்றார் மைத்ரேயி.

“அடுத்த நிலையம்... தகவல் இல்லை” என்றது கூரை.

வசந்தகுமார் எழுந்தான். சிவப்புக் கயிற்றை அவிழ்த்தான். அட்டை கீழே விழுந்தது. இரும்புத் தாழ்ப்பாள் துருவில் இறுகியிருந்தது; தோளைக் கொடுத்து இழுத்ததில் கதவு முனகிக்கொண்டு திறந்தது. வெளிச்சமும் கூட்டத்தின் இரைச்சலும் ஒன்றாக உள்ளே விழுந்தன. பிளாட்பாரம் முழுக்கச் சிவப்பும் மஞ்சளும் உடுத்திய பெண்கள், பெரியபாளையத்துக்குப் போகிறவர்கள், கைகளில் வேப்பிலை.

“என்ன பண்றே? அதைத் தொடாதே, அசல்” என்றார் ராமானுஜம்.

வசந்தகுமார் மூலைக்குத் திரும்பி வந்து குனிந்தான். தூங்குகிறவர்களைத் திடுக்கிட வைக்காமல் எழுப்புகிற குரலில் சொன்னான்.

“அக்கா. பொன்னேரி வந்திடிச்சி.”

கண் விழித்தாள். திறந்த கதவைப் பார்த்தாள், அப்புறம் அவனை. “நெசமாவா?”

“நெசம்தான்க்கா. வா.”

மூட்டையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். நடைவழிக்குள் அந்தச் சில்லென்ற காற்றும் வேப்பிலை வாசனையும் நகர்ந்தன. குறுக்கே ராமானுஜம் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். வாசனை நெருங்கியதும், ரயிலில் யாராவது கடந்து போகும்போது எல்லோரும் செய்வதுபோல, அவர் காலை மடக்கி வேட்டியை ஒதுக்கி வழிவிட்டார். ஏன் மடக்கினார் என்று பிறகு அவருக்கே சொல்லத் தெரியவில்லை.

படி உயரமாக இருந்தது. கீழே கல்பனா பச்சைக் கொடியோடு நின்றிருந்தார். திறந்த கதவைப் பார்த்தவர், கொடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெறும் காற்றுக்கு முன்னால் கையை நீட்டினார். அந்தக் கை ஒரு கணம் பாரம் ஏறியதுபோல் தாழ்ந்து, நிமிர்ந்தது.

“புள்ள பொறந்திருக்குமா நைனா?” என்று கீழே நின்று கேட்டாள் மணியம்மாள்.

“பொறந்திருக்கும்க்கா. நல்லா இருக்கும்.”

தலையாட்டினாள். போகத் திரும்பியவள் நின்றாள். “நீ எங்க எறங்கணும்? யாராண்டயாவது சொல்லி வெச்சியா?”

அவன் பதில் தேடுவதற்குள் வேப்பிலை பிடித்த பெண்களின் கூட்டம் அவளைச் சுற்றி மூடிக்கொண்டது. எக்ஸ்பிரஸ் இரைந்துகொண்டு கடந்து போயிற்று. கல்பனா கொடியை ஆட்டினார்.

விசாரணை அன்றே, கண்ணாடி மண்டபத்தில், பெட்டிக்குள்ளேயே நடந்தது. வாரியத்தின் அசல் பயணியை இறங்கவிட்டதாகக் குற்றச்சாட்டு.

“ஏன் எறங்கவிட்டே?” என்றார் மைத்ரேயி.

“ஊரு வந்துச்சு மேடம்.”

வேறு காரணம் உண்டா என்று கேட்டார்கள். வேறு காரணம் அவனிடம் இல்லை. ராமானுஜம் தன் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வேலை போயிற்று என்று அவன் தலைப்பாகையைக் கழற்றினான். ஆனால் வாரியத்தின் கவலை வேறாக இருந்தது. தகடு அடித்தாயிற்று; தலைவர் பேசியும் ஆயிற்று; இருக்கை காலியாக இருக்கக் கூடாது. மைத்ரேயி குரலை மென்மையாக்கிக்கொண்டார்.

“வசந்தகுமார், உங்களுக்கு இதுல நல்ல அனுபவம் இருக்கு. அசல் பயணி போஸ்ட் இப்ப வேகன்ட். பர்மனென்ட். பென்ஷன் உண்டு. உட்கார்ந்து பாருங்க.”

நிரந்தரம். அந்தச் சொல்லைக் கேட்டுத் தொழிற்பேட்டையில் மயங்காதவன் இல்லை. வசந்தகுமார் தகட்டுக்கு அடியில் உட்கார்ந்தான். பலகை சில்லென்று இருந்தது. ஈரம் இன்னும் காயவில்லை. உட்கார்ந்ததுமே இமை கனத்தது. இத்தனை நாள் யாரோ தூங்கி மிச்சம் வைத்த தூக்கம் முழுவதும் அவன்மேல் இறங்கியது. வெளியே யாரோ பற்றவைக்கும் இயந்திரத்தை முடுக்கினார்கள். கண்ணாடியில் நீல ஒளி வெட்டியது. தூங்கிப்போவதற்கு முன் எதிரில் இருப்பவர்களிடம், ஆரம்பாக்கம் வந்தா எழுப்புங்க என்று சொல்ல வாயெடுத்தான். எதிரில் இருந்த முகங்களைப் பார்த்தான். மைத்ரேயி புன்னகையோடு அவன் கோட்டின் மடிப்பைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

எழுந்துவிட்டான்.

“மன்னிச்சிக்கங்க மேடம். எனக்கு ஆரம்பாக்கத்துல எறங்கணும்.”

கதவு இன்னும் மூடப்படவில்லை. யாரும் தடுக்கவில்லை. கடக்கும்போது ராமானுஜம் மறுபடியும் காலை மடக்கிக்கொண்டார்.

சூளூர்ப்பேட்டை போகும் சாயங்கால வண்டியில், அதிசயமாக, உட்கார இடம் கிடைத்தது. பக்கத்தில் ஆலை சீருடையில் ஒரு பெண், மடியில் காலி சாப்பாட்டு டப்பா. நாள் முழுக்கச் சேர்ந்த களைப்பு அவனை அழுத்தியது. தயங்கித் தயங்கித்தான் கேட்டான்.

“ம்மா, ஆரம்பாக்கம் வந்தா கொஞ்சம் எழுப்பறியா?”

“சரிண்ணா, தூங்குங்க” என்றாள் அவள், ஃபோனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

பொன்னேரி எப்போது போயிற்று என்று அவனுக்குத் தெரியாது. கனவில் எங்கோ ஒரு கைக்குழந்தை அழுதது. யாரோ அதைத் தட்டிக்கொடுத்தார்கள். பிறகு ஒரு கை அவன் தோளை அசைத்தது. விழித்தான். பக்கத்தில் அந்தப் பெண் இல்லை. முன்பின் பார்த்திராத ஒரு பெரியவர், மீன்கூடைக்காரர், அவன்மேல் குனிந்திருந்தார்.

“எந்திரிப்பா. ஆரம்பாக்கம்.”

அவன் புரியாமல் திருதிருவென்று பார்த்தான்.

“நான் எளாவூர்லயே எறங்க வேண்டியவன்” என்றார் அவர், கூடையைச் சரிசெய்தபடி. “கும்மிடிப்பூண்டில எறங்கின பொண்ணு உன்ன என்னாண்ட சொல்லிட்டுப் போச்சு. சுத்தி பாத்தேன், எல்லாம் தூங்கிக்கினு கீறானுங்க. யாராண்ட சொல்றது? அதான் வந்துட்டேன். எறங்கு, எறங்கு, வண்டி நிக்காது.”